கோலா வாழும் மண்ணில் வீடு கட்டும் நமக்கு: தென்மேற்கு சிட்னித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேம்பல்டவுன், ரோஸ்மெடோ, கிலியட், ஆப்பின் பக்கம் புது வீட்டுக்கு வந்திருக்கும், இனி வரப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். வென்ட்வர்த்வில், டூங்காபி, ஹோம்புஷ் என்று வருடக்கணக்கில் வாடகை கொடுத்துக் களைத்துப்போய், பிள்ளைகளுக்கு ஒரு சொந்த வீடு வேண்டும் என்று கணக்குப் போட்டு, நம் கைக்கு எட்டும் விலையில் மனை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான் நம்மில் பலர். நானும் அப்படி வந்தவன். வீடு வாங்கியதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று மனை விற்றவர்கள் நமக்குச் சரியாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜார்ஜஸ் ஆற்றுக்கும் நேப்பியன் ஆற்றுக்கும் நடுவில் உள்ள இந்த நிலத்தில் கோலாக்கள் வாழ்கின்றன. மிருகக்காட்சி சாலையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கோலா அல்ல, யாரும் இலை பறித்துப் போடாமல் தானே தேடித் தின்று குட்டி வளர்க்கும் காட்டுக் கோலா. ஐரோப்பியர்கள் கோலாவைப் பற்றி எழுதி வைத்த முதல் குறிப்பே, 1798-ல் சிட்னியிலிருந்து தென்மேற்காகக் காட்டுக்குள் போன ஒரு பயணக் குழுவின் நாட்குறிப்பில்தான் இருக்கிறது. இந்த நிலத்தின் தரவால் மக்களுக்கு அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைத் தெரியும். அரை கோடிப் பேர் வாழும் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அந்த ஓரத்தில்தான் நம் வீடுகளும் எழும்புகின்றன.

எல்லா இடத்தையும் விட்டு இங்கே ஏன் இருக்கின்றன என்று கேட்டால், மண்ணைத்தான் காட்ட வேண்டும். இந்தப் பகுதியில் இரண்டு வகை நிலம் இருக்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் சரிவில் மணற்பாறை; அதன் மேல் இருக்கும் மண் மெலிந்தது, சத்துக் குறைந்தது. மேட்டுச் சமவெளியில் ஷேல் என்னும் களிப்பாறை மண். சத்து அதிகம், ஈரம் தங்கும். கேம்பல்டவுன் கோலாக்களை ஆராய்ந்தவர்கள் கவனித்த ஒரு விஷயம் இருக்கிறது. கிரே கம் என்னும் அதே யூகலிப்டஸ் மரம் ஷேல் மண்ணில் நின்றால் கோலா விரும்பி ஏறுகிறது. மணற்பாறையில் நின்றால் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. மரம் ஒன்றுதான், மண் வேறு, அதனால் இலையின் சத்தும் வேறு. இப்போது யோசித்துப் பாருங்கள். சமதளம், நல்ல மண், வெள்ளம் ஏறாத மேடு என்று வீடு கட்ட நாம் தேடுவதும் அதே நிலம்தான். பள்ளத்தாக்கில் ஏகப்பட்ட காடு மிச்சம் இருக்கிறதே, அங்கே போய் இருக்கட்டுமே என்று சிலர் சொல்லும்போது இதைத்தான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பச்சையாகத் தெரிவதெல்லாம் அதற்குச் சோறு ஆகாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் யூகலிப்டஸ் என்றால் தைல மரம். நீலகிரியில் வெள்ளைக்காரன் நட்டது, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, அடியில் புல் முளைக்க விடாதது என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். அங்கே அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து, கொல்லையில் நிற்கும் மரத்தை ‘வெறும் தைல மரம்தானே’ என்று வெட்டிவிடாதீர்கள். இது அதன் சொந்த ஊர். இலை கூரை ஓரத் தகரக் கால்வாயில் அடைக்கும், காற்றடித்தால் கிளை விழும் என்ற பயம் உண்மையான பயம்தான். அதற்கு மரம் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு ஆபத்தான கிளையை மட்டும் கழிக்கலாம். முழு மரத்தையும் எடுக்கப் பெரும்பாலும் கவுன்சில் அனுமதி வேண்டும். ஒரு கிரே கம் கோலாவுக்குப் பயன்படும் அளவுக்கு வளர எத்தனையோ வருடம் ஆகும். அதை வெட்ட ஒரு காலைப்பொழுது போதும்.

எங்கள் தெருவின் கோடியில், காட்டை ஒட்டி, அப்படி ஒரு கிரே கம் நிற்கிறது. அந்த மரம் பட்டையைத் திட்டுத்திட்டாக உரிக்கும். புதிதாகத் தெரியும் தோல் வழவழவென்று லேசான ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதில் நகக் கீறல்கள் பளிச்சென்று தெரியும். அடியில் குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நுனி அளவில், நீளவாக்கில், வரி வரியாகப் பழுப்புப் புழுக்கைகள் கிடக்கும். புதிதாக இருந்தால் உடைத்ததும் தைல வாசனை அடிக்கும். இந்த இரண்டு அடையாளமும் தெரிந்துவிட்டால் பிறகு நிமிர்ந்து பார்க்க வேண்டியதுதான். ஒரு மாலை நான் பார்த்தபோது ஒரு பெண் கோலா கவட்டில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டி ஒரு கொத்தை இழுத்து, மூக்கருகில் பிடித்து, நிதானமாக முகர்ந்து, விட்டுவிட்டது. அடுத்த கொத்தையும் முகர்ந்து விட்டது. மூன்றாவதாக எட்டி எடுத்ததைத்தான் தின்றது. அது உண்மையில் விஷம் பார்த்துக்கொண்டிருந்தது.

யூகலிப்டஸ் இலையில் சத்து மிகக் குறைவு, நார் அதிகம், போதாக்குறைக்குத் தைலமும் டானினும் வேறு பல நச்சுப் பொருள்களும் உண்டு. மற்ற விலங்குகள் பெரும்பாலும் தொடாத இந்த இலையைத் தின்று பிழைக்க கோலாவின் உடம்பு பல வேலைகளைச் செய்கிறது. 2018-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். நச்சை முறிக்கும் ஈரல் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் வழக்கத்துக்கு மீறிப் பெருகியிருப்பதும், கசப்பை உணரும் மரபணுக்கள் நிறைய இருப்பதும் தெரியவந்தது. குடல்வால் பக்கம் இருக்கும் பெருங்குடல் பை இரண்டு மீட்டர் வரை நீளும்; உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பாலூட்டிகளிலேயே அதுதான் பெரியது. அங்கே நுண்ணுயிரிகள் நாரை மெல்ல மெல்லப் புளிக்கவைத்துக் கொஞ்சம் சக்தியைப் பிரித்துக் கொடுக்கின்றன. வரவு அவ்வளவு குறைவாக இருப்பதால் செலவையும் குறைத்துக்கொண்டு அது ஒரு நாளில் 18 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறது. இலை போதையில் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை தப்பு. தயவுசெய்து அதைத் திருத்திச் சொல்லுங்கள். பகலில் அதைக் கல் எறிந்து எழுப்பிப் படம் எடுப்பதும் வேண்டாம். எழுந்து நகரும் ஒவ்வொரு அடியும் அதன் சேமிப்பிலிருந்து போகிறது.

இந்த நுண்ணுயிரிகள் குட்டிக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு இந்த விலங்கின் மேல் தனி மரியாதை வந்தது. கரு வயிற்றில் இருப்பது ஏறக்குறைய 35 நாள்தான். பிறக்கும்போது இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாது, எடை ஒரு கிராமுக்கும் குறைவு. கண் இல்லை, காது இல்லை, மயிர் இல்லை. அந்த நிலையில் தானே ஊர்ந்து தாயின் பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. ஆறு மாதம் அங்கேதான். பிறகு தலையை வெளியே நீட்டும் பருவத்தில், தாய் தன் குடலிலிருந்து கூழ் போன்ற ஒன்றை வெளியேற்றுகிறது. வழக்கமான புழுக்கை அல்ல, நுண்ணுயிரிகள் செறிந்த தனி உணவு. குட்டி அதைத் தின்று, இலை செரிக்கும் திறனைத் தாயிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு முதுகில் ஏறிச் சவாரி. ஒரு வயதை ஒட்டித் தனியாகப் பிரியும்.

“பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?” கோயில் வாசலில் பேசும்போதும், பிறந்தநாள் விருந்திலும் நான் அடிக்கடி கேட்ட கேள்வி இது. அந்தக் கேள்விக்கு விடை இந்தக் குடலில்தான் இருக்கிறது. விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் 2013-ல் கோலாக்கள் பெருகி, தங்களுக்குப் பிடித்த மன்னா கம் மரங்களை மொட்டையாக்கிவிட்டன. அருகிலேயே மெஸ்மேட் என்னும் வேறொரு யூகலிப்டஸ் இருந்தது; அதைத் தின்று வாழும் கோலாக்களும் அங்கே இருந்தன. அப்படியிருந்தும் மன்னா கம் தின்று பழகியவை பெரும் எண்ணிக்கையில் பட்டினியால் செத்தன. அவற்றின் குடல் நுண்ணுயிரிகள் அந்த மரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம் என்று பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. ஆக, மரம் இருக்கும் இடமெல்லாம் கோலா பிழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. இங்கே பிறந்தது இங்கே உள்ள மரங்களுக்கென்று தயாரான உடம்போடுதான் இருக்கிறது.

சரி, இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

கோலாவுக்கு மரத்தில் ஆபத்து குறைவு, தரையில்தான் அதிகம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக அது கீழே இறங்கி நடந்தாக வேண்டும், பெரும்பாலும் இரவில். ஜூலை, ஆகஸ்டிலிருந்து கோடை வரை இனப்பெருக்கக் காலம். ஆண்கள் துணை தேடி அலையும், வளர்ந்த இளசுகள் தாயை விட்டுப் புதிய இடம் தேடிப் போகும். அந்த மாதங்களில் ராத்திரி காட்டுப் பக்கமிருந்து பன்றி உறுமலும் குறட்டையும் கலந்த ஒரு சத்தம் கேட்டால் பயந்து போலீசைக் கூப்பிடாதீர்கள். ஆண் கோலா குரல் கொடுக்கிறது. அதன் உடம்பு அளவுக்கு எதிர்பார்க்கக்கூடிய சுருதியைவிடச் சுமார் 20 மடங்கு தாழ்ந்த குரல் அது. அதற்கென்றே குரல்வளைக்கு வெளியே தனியாக ஒரு ஜோடி நாண் இருப்பதை 2013-ல் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் குரல் கேட்கும் மாதங்களில்தான் சாலையில் உடல்களும் கிடக்கின்றன. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு நாம் எந்த வழியாகப் போகிறோம்? கேம்பல்டவுன் பக்கத்தவர்கள் ஆப்பின் சாலை. லிவர்பூல் பக்கத்தவர்கள் ஹீத்கோட் சாலை. இரண்டுமே கோலா அடிபடும் சாலைகள். புரட்டாசி சனிக்கிழமை என்று விடியற்காலையில் கிளம்புகிறோம், இல்லை மாலைப் பூஜை முடிந்து இருட்டில் திரும்புகிறோம். இரண்டும் அவை நடமாடும் நேரம். அந்தப் புரட்டாசி, செப்டம்பர் அக்டோபரில், அவற்றின் இனப்பெருக்கக் காலத்தின் நடுவில் வருகிறது. பெருமாளைச் சேவிக்கப் போகிற வழியில் ஒரு தாயையும் அதன் பைக்குள் இருக்கும் குட்டியையும் அடித்துவிட்டுப் போகும் பாவம் நமக்கு வேண்டாம். மஞ்சள் பலகை இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். பிந்தினால் ஐந்து நிமிஷம் பிந்தட்டும். காருக்குள் பேச்சும் பாட்டும் இருக்கட்டும், ஓட்டுபவர் கண் மட்டும் சாலை ஓரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் நாய். பாதுகாப்புக்கென்று பெரிய நாய் வாங்கி இரவில் கொல்லையில் அவிழ்த்து விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஒரு பெண் கோலா பத்துக் கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். தரையில் அதனால் ஓடித் தப்ப முடியாது. வெளியே காயம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் நாய் கவ்வி உலுக்கியதில் உள்ளே நொறுங்கிச் செத்துப்போகும். சூரியன் விழுந்ததும் நாயை வீட்டுக்குள்ளோ காரேஜுக்குள்ளோ கூட்டிவந்து விடுங்கள். இந்த ஒரு வேலையை ஒரு தெரு முழுக்கச் செய்தால், அந்தத் தெரு வழியாகக் கோலா உயிரோடு கடந்து போகும். நீச்சல் குளம் இருந்தால், ஒரு தடித்த கயிற்றை எங்கேயாவது கட்டி ஒரு நுனியைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கோலாவுக்கு நீந்தத் தெரியும், வழுக்கும் ஓட்டில் பிடித்து ஏறத்தான் முடியாது. உயரமான தகர வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரு மரக்கட்டையைச் சாய்த்து வைத்தால் ஏறி இறங்கிப் போய்விடும்.

வெயில் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும்போது கோலா அடிமரத்தைக் கட்டிக்கொண்டு வயிற்றை அதில் ஒட்டிக் கிடக்கும். அடிமரம் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக இருப்பதை வெப்பக் கேமரா வைத்து அளந்து 2014-ல் எழுதியிருக்கிறார்கள். நிழலும் பருத்த அடிமரமும் இல்லாத இடத்தில், உணவு இருந்தாலும் அதனால் கோடையைக் கடக்க முடியாது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். கோலா தண்ணீரே குடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. இலையிலிருந்து பெரும்பகுதி கிடைப்பது உண்மை, ஆனால் மழை பெய்யும்போது மரத்தண்டில் வழியும் நீரை அது நக்கிக் குடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வறட்சியில் தரைக்கு வந்து தண்ணீர் தேடும். அப்படி வந்தால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பாட்டிலை அதன் வாயில் கவிழ்த்துப் படம் எடுப்பது வேண்டாம். தலையை நிமிர்த்திக் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

அடிபட்டதோ, நோயுற்றதோ, பகலில் தரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதோ கண்ணில் பட்டால் வையர்ஸ் என்னும் காட்டுயிர் மீட்பு அமைப்பைக் கூப்பிடுங்கள்: 1300 094 737. இப்போதே போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. செத்துக் கிடந்தாலும் கூப்பிடுங்கள். பெண்ணாக இருந்தால் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். முலையைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுக்காதீர்கள், அதன் வாய் கிழிந்துவிடும். வருபவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

“அரசுதான் பெரிய கோலா பூங்கா அமைக்கிறதே, இனி என்ன கவலை” என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2025 செப்டம்பரில் அறிவித்த அந்தப் பூங்கா காஃப்ஸ் ஹார்பர் பக்கம், இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. நல்ல காரியம்தான், மனதார வரவேற்கிறேன். நம் தெருவில் சாலையைக் கடக்கும் கோலாவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. விக்டோரியாவில் தேவைக்கு மேல் இருக்கிறதாமே என்றும் சொல்கிறார்கள். அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை, தோல் வியாபாரத்தில் ஏறக்குறைய அழிந்த பிறகு, தீவுகளில் தப்பிய சிலவற்றின் வாரிசுகள். மரபு வேறுபாடு மிகக் குறைந்தவை. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி கோலாக்களை 2022 பிப்ரவரியில் அழியும் ஆபத்தில் உள்ளவை என்று மத்திய அரசே பட்டியலிட்டது. எதுவும் செய்யாவிட்டால் 2050-க்கு முன்பே இந்த மாநிலத்தில் காட்டுக் கோலா இல்லாமல் போகும் என்று மாநில நாடாளுமன்றக் குழு 2020-லேயே எழுதிவிட்டது. அந்தக் குழுவின் மதிப்பீட்டில், 2019–20 காட்டுத்தீயில் மட்டும் இந்த மாநிலத்தில் குறைந்தது 5,000 செத்திருக்கும்.

கேம்பல்டவுன் கூட்டத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கிழக்குக் கரை நெடுகக் கோலாக்களைக் குருடாக்கி, மலடாக்கிக் கொல்லும் கிளமிடியா நோய் பெரிதாக அண்டாத கூட்டம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகப் போற்றிவரும் கூட்டம் இது. அந்த நோய்க்குச் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 2025-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. ஊசி நோயைத் தடுக்க உதவும். அடுத்த காட்டுக்குப் போகும் பாதையை வேலி மறித்தால் அதற்கு ஊசி கிடையாது.

அந்தப் பாதைதான் இப்போது கேள்விக்குறி. இரண்டு ஆறுகளுக்கும் இடையே கோலா போய்வர மரங்கள் நிறைந்த இடைவழிகள் வேண்டும், அவை சராசரியாக 390 முதல் 425 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று மாநிலத் தலைமை விஞ்ஞானியின் குழு 2020-ல் பரிந்துரைத்தது. ஜார்ஜஸ் ஆற்றோரம் 1,830 ஹெக்டேர் வரை கோலா தேசியப் பூங்கா என்று அரசும் வாக்குக் கொடுத்தது. காகிதத்தில் அகலமாக இருக்கும் வழி, சாலை, வடிகால், வேலி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது தரையில் சுருங்கிப்போகிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். வீட்டுத் திட்டங்களைக் கவுன்சிலும் மாநிலத் திட்டமிடல் துறையும் மக்கள் கருத்துக்கு வைக்கும்போது ஒரு பக்கம் போதும், எழுதி அனுப்புங்கள். இடைவழி மிகக் குறுகிய இடத்தில் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். வீடுகள் கட்டி முடிப்பதற்கு முன்பே சாலையோர வேலியும் சாலைக்கு அடியில் கடக்கும் வழியும் தயாராகுமா என்று கேளுங்கள். நடப்போகும் மரங்கள் ஷேல் மண்ணில் கிரே கம்மும் ஃபாரஸ்ட் ரெட் கம்முமா, இல்லை அழகுக்கு நடும் வேறு மரமா என்று கேளுங்கள். வீடு வாங்கிய, வரி கட்டுகிற, வாக்களிக்கிற குடும்பங்கள் கேட்டால் அதற்கு எடை உண்டு. ‘வெளியூர் ஆர்வலர்கள்’ என்று நம்மை ஒதுக்க முடியாது.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருப்பவர்கள், குறிப்பாக மூத்தவர்கள், தமிழில் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதித் தருகிறேன், என்னைப் போல இன்னும் சிலரும் தயாராக இருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடமும் கோயில் நிர்வாகத்தினரிடமும் ஒரு கோரிக்கை: வையர்ஸ் எண்ணையும் ‘இருட்டில் மெதுவாக ஓட்டுங்கள்’ என்ற ஒரு வரியையும் பெரிய எழுத்தில் அடித்து, இந்த ஜூலை பிறப்பதற்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆண் கோலாக்கள் நடக்கத் தொடங்கும் மாதம் அது.

அன்புடன்,
கேம்பல்டவுனில் குடியிருக்கும் உங்களில் ஒருவன்